19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? ஜான் மார்ஷல் ஹார்லனை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜான் மார்ஷல் ஹார்லனைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்கி அந்த வாக்கியத்திலேயே முடித்துவிடுகிறார்கள். 1896இல் பிளெசி எதிர் ஃபெர்குசன் வழக்கில், பெரும்பான்மைக்கு மாறுபட்டு அவர் எழுதிய தீர்ப்பில் வரும் வாக்கியம் அது: "நமது அரசியல் சாசனத்துக்கு நிறம் தெரியாது." அந்த வாக்கியம் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் அதை எழுதிய கை அடிமைகளை வைத்திருந்த வீட்டில் வளர்ந்த கை. அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தத்தை ஒரு காலத்தில் எதிர்த்தவரும் அவரே. அந்த வாக்கியத்தை எழுதி மூன்று ஆண்டுகள் கழித்து, கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்ட வழக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியவரும் அவரே.

இவை எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினால்தான் மனிதர் தெரிவார். அதற்கான முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். எடுத்துக்காட்டு ஹார்லன், முறை அந்த நூற்றாண்டின் எந்த அமெரிக்க நீதிபதிக்கும் பொருந்தும்.

படி 1: ஆள் யார் என்பதை உறுதி செய்யுங்கள்

ஜான் மார்ஷல் ஹார்லன் என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருவர் இருந்திருக்கிறார்கள். நாம் பேசுவது 1877 முதல் 1911 வரை பதவியில் இருந்த தாத்தாவைப் பற்றி. 1955 முதல் 1971 வரை இருந்தவர் அவருடைய பேரன். இருவருக்கும் மூலப்பெயர் தந்த ஜான் மார்ஷல் வேறு ஆள்: 1801 முதல் 1835 வரை தலைமை நீதிபதி. தேடுபொறியில் பெயரை மட்டும் போட்டால் மூவரும் கலந்து வருவார்கள். பெயரோடு ஆண்டையும் எப்போதும் சேர்த்துத் தேடுங்கள்.

பதவிப் பெயரிலும் பொறி உண்டு. ஒருமுறை சிறிய நீதிமன்றத்தில் அமர்ந்தவரையும் ஆயுள் முழுக்க 'ஜட்ஜ்' என்று அழைப்பது அந்தக் கால அமெரிக்க வழக்கம். பழைய பத்திரிகையில் 'ஜட்ஜ்' என்று கண்டதும், அந்த ஆண்டில் அவர் நீதிபதியாக இருந்தார் என்று முடிவு கட்டாதீர்கள். நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம். அந்த மாநிலத்தின் உச்சியில் இருப்பது 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'. இது தெரியாமல் ஒரு விசாரணை நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்திவிட்ட கட்டுரைகள் உண்டு.

படி 2: எலும்புக்கூட்டை முதலில் கட்டுங்கள்

கதை எழுதத் தொடங்கும் முன், ஒரு பக்கத்தில் தேதிகளை மட்டும் எழுதுங்கள். மத்திய நீதிபதி என்றால் 'ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர்' இணையத்தில் வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்பு அடைவுதான் தொடக்கம். 1789 முதல் ஆயுள் பதவியில் அமர்ந்த மத்திய நீதிபதிகள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஹார்லனுக்கு நாம் கட்டும் சட்டகம் இது:

1833 ஜூன் 1: கென்டக்கி மாநிலம், பாய்ல் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு) பிறப்பு.
1850: டான்வில் ஊரில் உள்ள சென்டர் கல்லூரியில் பட்டம். பிறகு லெக்சிங்டனில் டிரான்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சட்டம்.
1853: வழக்கறிஞராகப் பதிவு.
1856: மால்வினா ஷாங்க்லினுடன் திருமணம்.
1858: ஃபிராங்க்ளின் கவுண்டி நீதிபதி, ஓராண்டு.
1859: பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் 67 வாக்குகளில் தோல்வி.
1861–63: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் 10ஆவது கென்டக்கி காலாட்படையின் கர்னல்.
1863–67: கென்டக்கியின் அட்டர்னி ஜெனரல்.
1871, 1875: ஆளுநர் தேர்தலில் இருமுறை தோல்வி.
1877 நவம்பர் 29: செனட் ஒப்புதல். டிசம்பர் 10: பதவியேற்பு.
1911 அக்டோபர் 14: பதவியில் இருக்கும்போதே வாஷிங்டனில் மரணம்.

இப்படி எழுதியதும் ஒன்று கண்ணில் படும். உச்ச நீதிமன்றத்துக்கு வருமுன் இவர் நீதிபதியாக இருந்தது ஒரே ஓராண்டு, அதுவும் கவுண்டி அளவில். மீதி எல்லாம் அரசியலும் வழக்காடலும் போரும்தான். அந்தக் காலத்தில் இது விதிவிலக்கு அல்ல. ஆகவே அத்தகைய ஒருவரின் நியமனத்துக்கு முந்தைய வாழ்க்கையை அரசியல்வாதியின் வாழ்க்கையாகவே படிக்க வேண்டும்.

நியமனத் தேதி, ஒப்புதல் தேதி, பதவியேற்புத் தேதி மூன்றும் வேறு வேறு. ஒரு நூலில் ஒன்றும் இன்னொரு நூலில் மற்றொன்றும் இருந்தால் இரண்டில் ஒன்று தவறு என்று பதற வேண்டாம். எந்தத் தேதி எதற்கானது என்று பாருங்கள்.

படி 3: பிறந்த வீட்டைப் பதிவுகளில் பாருங்கள்

நினைவுக் குறிப்புகள் வீட்டைப் பற்றி இனிமையாகப் பேசும். அரசுப் பதிவுகள் அப்படிப் பேசாது. அடிமை மாநிலத்தில் பிறந்த எந்த நீதிபதிக்கும் 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைகள் பட்டியலைத் திறந்தே ஆக வேண்டும். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைப்பட்டவர்களுக்குப் பெயர் இருக்காது. வயது, பாலினம், நிறம் மட்டும் இருக்கும். ஒரு நீதிபதியின் குடும்பச் சொத்து எதன்மேல் நின்றது என்பதைக் காட்ட இதைவிட நேரான ஆவணம் இல்லை. 1890 கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்: 1921இல் நடந்த தீ விபத்திலும் அதன் பின்விளைவுகளிலும் அது ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது.

ஹார்லனின் தந்தை ஜேம்ஸ் ஹார்லன் வழக்கறிஞர், அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியைச் சேர்ந்தவர், 1835 முதல் 1839 வரை பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அடிமையாகப் பிறந்த ராபர்ட் ஹார்லன் என்பவரும் அந்த வீட்டில் வளர்ந்தார். பின்னாளில் அவர் சின்சினாட்டியில் வசதியோடு வாழ்ந்து ஒஹாயோ சட்டமன்றம் வரை போனார். அவரும் ஜானும் ஒரு தந்தைக்குப் பிறந்தவர்கள் என்று பல கட்டுரைகள் உறுதியாக எழுதுகின்றன. அது நிரூபிக்கப்படவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தார்கள் என்பதோடு நிறுத்துங்கள். நீதிபதியின் பிற்கால மனமாற்றத்தை அந்த உறவின்மேல் மட்டும் ஏற்றி விளக்குவது ஆதாரத்தை மீறிய செயல்.

படி 4: கொள்கை மாறிய ஆண்டுகளில் அவசரப்படாதீர்கள்

பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் வழுக்கும் இடம் இது. 1861இல் ஹார்லன் வடக்குப் படையில் சேர்ந்தார். ஆகவே அடிமை முறைக்கு எதிரானவர் என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. கென்டக்கி பிரிந்து போகாத அடிமை மாநிலம். அங்கே ஒன்றியம் உடையக் கூடாது என்று போரிட்டவர்களில் பலர் அடிமை முறை தொடர வேண்டும் என்றே நினைத்தார்கள். அடிமைகளை விடுவித்த லிங்கனின் விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவே இல்லை. அது பிரிந்து போன பகுதிகளுக்கு மட்டும். 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் நிறைவேறும் வரை அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்தது. அந்தத் திருத்தத்தைக் கென்டக்கி சட்டமன்றம் 1865இல் நிராகரித்து, 1976இல்தான் ஏற்றது. ஹார்லன் பிரகடனத்தையும் எதிர்த்தார், திருத்தத்தையும் எதிர்த்தார்.

மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. விக் கட்சி செத்துப்போயிருந்தது. போருக்குப் பிந்தைய கென்டக்கியில் கறுப்பின மக்கள்மீது வன்முறை பெருகியது. 1868 வாக்கில் அவர் குடியரசுக் கட்சியில் இருந்தார். 1871 ஆளுநர் தேர்தலில் எதிராளிகள் பழைய பேச்சுகளை எடுத்து வீசினார்கள். மாறாதவர் என்ற பேரைவிடச் சரியானவர் என்ற பேரே தனக்கு வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். இந்தக் கட்டத்தை எழுதும்போது மூன்று காரணங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்: கட்சி இல்லாமல் போன நிலை, பதவி ஆசை, கண்ணெதிரே நடந்த வன்முறை. எது எத்தனை பங்கு என்று அளந்து சொல்லக் கருவி இல்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒன்று துதியாகும், இல்லாவிட்டால் வசையாகும்.

படி 5: நாற்காலி எப்படிக் காலியானது, எப்படிக் கிடைத்தது

ஒவ்வொரு நியமனத்துக்கும் இரண்டு கேள்விகள்: முன்னால் இருந்தவர் ஏன் போனார்? குடியரசுத் தலைவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார்? டேவிட் டேவிஸ் இல்லினாய் மாநிலத்தின் செனட்டராகத் தேர்வானதால் 1877இல் இடம் காலியானது. 1876இல் சின்சினாட்டியில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் ஹார்லன் கென்டக்கிப் பிரதிநிதிகளின் தலைவர். முதலில் தன் பழைய தொழில்கூட்டாளி பெஞ்சமின் பிரிஸ்டோவை ஆதரித்தார். பிறகு அந்த வாக்குகள் ரதர்ஃபோர்ட் ஹேயஸ் பக்கம் போயின. ஹேயஸ் வென்றதும், 1877இல் லூசியானா ஆட்சித் தகராறை ஆராயும் குழுவில் ஹார்லனைச் சேர்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி பதவிக்கு முன்மொழிந்தார். இந்த ஆதாரங்களுக்கு செனட்டின் நிர்வாகக் குறிப்பேட்டையும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இலவசமாக வைத்திருக்கும் பழைய பத்திரிகைத் தொகுப்பையும் பாருங்கள். ஹார்லனின் தாள்கள் இரண்டு இடங்களில் உள்ளன: அதே நூலகத்திலும், லூயிவில் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்திலும்.

படி 6: தீர்ப்புகளைக் கண்டுபிடித்தல்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ரிப்போர்ட்ஸ்' தொகுதிகளில் உள்ளன. "163 யு.எஸ். 537" என்றால் 163ஆவது தொகுதி, 537ஆம் பக்கம். சிக்கல் பழைய தொகுதிகளில்தான். முதல் 90 தொகுதிகள் தொகுப்பாளர் பெயரால் எண்ணப்பட்டவை: டல்லஸ் 1–4, கிராஞ்ச் 5–13, வீட்டன் 14–25, பீட்டர்ஸ் 26–41, ஹோவர்ட் 42–65, பிளாக் 66–67, வாலஸ் 68–90. எனவே பழைய நூலில் "19 ஹோவர்ட் 393" என்று கண்டால் அது இன்றைய 60 யு.எஸ். 393, அதாவது கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று சொன்ன 1857இன் டிரெட் ஸ்காட் வழக்கு. 41ஐக் கூட்டினால் போதும்.

தொகுதியின் மேல்பக்கத்தில் "அக்டோபர் பருவம் 1895" என்று இருக்கும். அது நீதிமன்றப் பருவம் தொடங்கிய ஆண்டு. தீர்ப்பு வந்த ஆண்டு இல்லை. பிளெசி எதிர் ஃபெர்குசன் தீர்ப்பு வந்தது 1896 மே 18.

அடுத்து வருவது மிகவும் கெட்ட பொறி: தீர்ப்பின் தொடக்கத்தில் உள்ள தலைக்குறிப்பு. அதை எழுதுபவர் தொகுப்பாளர், நீதிபதி இல்லை. ஹார்லன் எழுதிய 1886இன் சான்டா கிளாரா கவுண்டி வழக்கே இதற்கு முழுமையான பாடம். எல்லா நபர்களுக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதி செய்யும் 14ஆவது திருத்தத்தின்கீழ் நிறுவனங்களும் 'நபர்கள்' என்று தலைமை நீதிபதி வெயிட் வாய்மொழியாகச் சொன்னதைத் தொகுப்பாளர் பான்கிராஃப்ட் டேவிஸ் தலைக்குறிப்பில் ஏற்றினார். ஹார்லனின் தீர்ப்பு அந்தக் கேள்வியைத் தொடாமல், வேலிகளுக்கான வரிமதிப்பைச் சுற்றியே முடிகிறது. "நிறுவனங்களை மனிதர்களாக்கியவர் ஹார்லன்" என்று எழுதுபவர் தலைக்குறிப்போடு நின்றுவிட்டவர்.

கீழ் மத்திய நீதிமன்ற நீதிபதி என்றால், 1880 வரையிலான தீர்ப்புகள் 'ஃபெடரல் கேசஸ்' என்ற 30 தொகுதிகளில் வழக்குப் பெயரின் அகர வரிசையில் உள்ளன. ஆண்டு வரிசை கிடையாது என்பதால் ஒரு நீதிபதியின் பணியைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

படி 7: ஒரு தீர்ப்பை முழுதாகப் படிப்பது

பிளெசி வழக்கையே எடுப்போம். லூசியானாவின் 1890 சட்டம் ரயிலில் இரு இனத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கச் சொன்னது. தவறான பெட்டியில் உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம், இல்லாவிட்டால் 20 நாள் வரை சிறை. ஹோமர் பிளெசி 1892 ஜூன் 7 அன்று வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார். தீர்ப்பு 7க்கு 1. நீதியரசர் புரூயர் பங்கேற்கவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹென்றி பிரவுன். ஹார்லனின் பகுதி 552ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.

559ஆம் பக்கத்தை மெதுவாகப் படியுங்கள். முதலில், வெள்ளை இனம் தன்னை மேலோங்கிய இனமாகக் கருதுகிறது என்றும், மரபுக்கு உண்மையாக இருந்தால் என்றும் அப்படியே இருக்கும் என்றும் எழுதுகிறார். அடுத்த வரியில், சட்டத்தின் கண்ணில் இந்த நாட்டில் ஆளும் வகுப்பு என்று ஒன்று இல்லை என்கிறார். பிறகு வருவது தமிழ் வாசகர் நின்று படிக்க வேண்டிய சிறிய வாக்கியம்: "இங்கே சாதி இல்லை." சாதி என்ற பொருள்படும் சொல்லையே அவர் பயன்படுத்தினார். அதையடுத்துத்தான் நிறம் தெரியாத சாசனம் வருகிறது. இந்தத் தீர்ப்பு காலப்போக்கில் டிரெட் ஸ்காட் அளவுக்குக் கேடு விளைவிக்கும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

561ஆம் பக்கத்தையும் விடாதீர்கள். நம்மிலிருந்து மிக வேறுபட்டதால் குடியுரிமையே தராத இனம் என்று சீனர்களைக் குறிப்பிட்டு, ஒரு சீனர் வெள்ளையர் பெட்டியில் போகலாம், போரில் உயிரைப் பணயம் வைத்த கறுப்பினக் குடிமகன் போகக் கூடாதா என்று கேட்கிறார். ஒரு இனத்துக்கு நியாயம் கேட்க இன்னொரு இனத்தைத் தாழ்த்திய வாதம் இது. மேற்கோளாக 559ஐ எடுத்து 561ஐ விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

படி 8: பொருந்தாத தீர்ப்புகளைத் தேடி எடுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். நீங்கள் கட்டிய உருவத்துக்கு ஒத்துவராத வழக்குகளைத் தனித்தாளில் எழுதுங்கள்.

1883 சிவில் உரிமை வழக்குகளில் 8க்கு 1 என்ற நிலையில் தனியாக நின்றார். விடுதியும் அரங்கும் ரயிலும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற 1875 சட்டம் செல்லும் என்றார். அதே ஆண்டில் பேஸ் எதிர் அலபாமா வழக்கில், இனம் கடந்த உறவுக்குக் கூடுதல் தண்டனை தந்த சட்டத்தை ஒருமனதாக ஏற்ற நீதிமன்றத்தில் அவரும் இருந்தார். 1884இல் ஜான் எல்க் என்ற பூர்வகுடியினரின் குடியுரிமைக்காக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1898இல், அமெரிக்க மண்ணில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் குடிமகனே என்று பெரும்பான்மை சொன்னபோது, மறுத்த இருவரில் ஹார்லனும் ஒருவர். 1899இல் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் கறுப்பின உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டு வெள்ளையருக்கான உயர்நிலைக் கல்வி தொடர்ந்தது. கம்மிங் என்று அறியப்படும் அந்த வழக்கில் பெற்றோரின் கோரிக்கையை நிராகரித்த ஒருமனத் தீர்ப்பை எழுதியவர் அவரே. 1908இல் பெரியா கல்லூரி வழக்கில், தனியார் கல்லூரியில் இரு இனத்தவரும் சேர்ந்து படிப்பதைத் தடுத்த கென்டக்கிச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

தொழிலாளர் வழக்குகளிலும் இதே கதைதான். பேக்கரித் தொழிலாளருக்கு நாளுக்கு 10 மணி நேர வரம்பு வைத்த சட்டத்தை 1905இல் லாக்னர் வழக்கில் ஆதரித்தார். 1908இல் அடேர் வழக்கில், சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் செய்வதைத் தடுத்த சட்டத்தை ரத்து செய்த தீர்ப்பை அவரே எழுதினார். 'முற்போக்காளர்' என்ற ஒற்றைச் சீட்டு எங்கும் ஒட்டாது. எங்கே ஒட்டுகிறது, எங்கே கழன்று விழுகிறது என்பதைச் சொல்லுங்கள்.

படி 9: வாஷிங்டனுக்கு வெளியே

உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒவ்வொரு சர்க்யூட் (பல மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரம்) ஒதுக்கப்பட்டிருந்தது. 1891 சட்டம் மேல்முறையீட்டு நீதிமன்றங்களை உருவாக்கும் வரை அங்கே போய் வழக்கு கேட்பது பெரும் சுமை. அதன் பிறகும் அவசர மனுக்கள் சர்க்யூட் நீதிபதியிடம்தான் வரும். 1906 மார்ச்சில் டென்னஸி மாநிலம் சட்டனூகாவில் மரண தண்டனை பெற்ற எட் ஜான்சனுக்காக வந்த மனு ஹார்லனிடம் வந்தது அப்படித்தான். மேல்முறையீட்டுக்கு அனுமதி தரப்பட்டது. மார்ச் 19 இரவு ஒரு கும்பல் ஜான்சனைச் சிறையிலிருந்து இழுத்துப்போய் பாலத்தில் தூக்கிலிட்டது. சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் ஷிப்பை நீதிமன்ற அவமதிப்புக்காக உச்ச நீதிமன்றமே விசாரித்து 1909இல் தண்டித்தது. தீர்ப்புத் தொகுதிகளை மட்டும் புரட்டுபவர் ஹார்லனின் பங்கைத் தவறவிடுவார், ஏனெனில் அங்கே தீர்ப்பு எழுதியவர் பெயர் வேறு.

படி 10: வீட்டார் சொன்ன கதைகள்

1883 மாறுபட்ட தீர்ப்பை எழுத முடியாமல் ஹார்லன் திணறியபோது, டிரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டேனியின் மைக்கூட்டை மனைவி மால்வினா மேசையில் வைத்தார், பேனா ஓடத் தொடங்கியது என்பது எல்லோரும் விரும்பும் கதை. இதன் மூலம் மால்வினாவின் நினைவுக் குறிப்பு. அது எழுதப்பட்டது 1915இல், நிகழ்ச்சிக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கணவர் இறந்த பிறகு. கதையை விட வேண்டாம். "மால்வினா எழுதுகிறார்" என்று தொடங்குங்கள். எழுதிய ஆண்டையும் சொல்லுங்கள். அது போதும்.

படி 11: தமிழில் எழுதும்போது

'காங்கிரஸ் தேர்தலில் தோற்றார்' என்று எழுதினால் நம் வாசகர் மனதில் வேறு கட்சி வரும். 'பிரதிநிதிகள் சபை' என்று எழுதுங்கள். 'கவுண்டி ஜட்ஜ்' என்பதை 'மாவட்ட நீதிபதி' ஆக்காதீர்கள். அந்தக் காலக் கென்டக்கியில் அவர் உயில், காப்பாளர் நியமனம், கவுண்டி நிர்வாகம் போன்றவற்றைக் கவனித்தவர். நம் மாவட்ட நீதிபதியின் தரம் அது இல்லை. அட்டர்னி ஜெனரல் அங்கே மக்கள் வாக்கில் தேர்வாகும் பதவி. நம் அட்வகேட் ஜெனரலோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். மேற்கோளை மொழிபெயர்க்கும்போது பக்க எண்ணைக் கொடுங்கள், வாசகர் மூலத்தில் சரிபார்க்கட்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வழக்குக்கும் நான்கு விவரங்களை ஒருமுறை ஒத்துப் பாருங்கள்: தீர்ப்பு வந்த நாள், வாக்கு எண்ணிக்கை, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், உங்கள் நீதிபதி எழுதினாரா அல்லது இன்னொருவர் எழுதியதில் சேர்ந்துகொண்டாரா என்பது. வோங் கிம் ஆர்க் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஃபுல்லர், ஹார்லன் சேர்ந்துகொண்டவர். நான்காவது விவரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.